மூத்தவருக்கு முதலிடம்

பவளக்கரைத் துறைமுகத்துக்கு அதிகாரி பூவராகர். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று தொந்தி. மற்றொன்று மைத்துனர்கள்.

அந்தத் துறையிலிருந்து மணற்றீவுக்குத் தினமும் அரசுக் கப்பல் போகும். காசு கொடுத்தவர்கள் முதலில் ஏறுவார்கள். மிச்சமிருக்கும் இடங்களில் அரண்மனை ஊழியர்கள் இனாமாகப் போவது வழக்கம். அதற்கு ஒரே விதி. மன்னர் இளவழுதியின் தந்தை அதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்: ‘மூத்தவருக்கு முதலிடம்.’

அவையில் விகடம் பேசும் திருமேனி ஒருநாள் காலையில் துறைப்பக்கம் காற்று வாங்கப் போனார். அங்கே பாய் தைக்கும் மாசானம் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய ராஜா காலத்து ஊழியர். அந்தக் கப்பலின் பாயே அவர் தைத்ததுதான்.

“என்ன மாசானம், இன்னும் ஏறவில்லையா?”

“தீவிலே மகளுக்குத் தலைப்பிரசவம் சாமி. தாயில்லாத பிள்ளை. தினமும் வருகிறேன். தினமும் ‘இடமில்லை’ என்கிறார்கள்.”

திருமேனி கப்பலை எட்டிப் பார்த்தார். இனாம் இடங்களில் பூவராகரின் மைத்துனர்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். தீவில் நண்டு ருசியாக இருக்குமாம். கடைசி இடத்தில் ஒரு சண்டைச் சேவல்.

“ஐயா, இந்தச் சேவல் அரண்மனையில் என்ன உத்தியோகம் பார்க்கிறது?”

பூவராகர் அசரவில்லை. “விடியலில் கூவுகிறதல்லவா? அது ராஜசேவகம்தான்!”

கப்பல் போய்விட்டது. மாசானம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். திருமேனிக்குப் பொறுக்கவில்லை. நேரே அவைக்குப் போய் மன்னரிடம் முறையிட்டார்.

மன்னர் பூவராகரை வரவழைத்தார். மனிதர் கைகட்டி, வாய்பொத்தி, பணிவே உருவாக நின்றார்.

“மகாராஜா, கல்லில் ‘மூத்தவர்’ என்றுதான் இருக்கிறது. எதில் மூத்தவர் என்று இல்லையே! என் மைத்துனர்கள் எல்லோரும் என் மனைவிக்கு மூத்தவர்கள். ‘ஊழியத்தில்’ என்று நானாக ஒரு சொல்லைச் சேர்த்தால், பெரிய ராஜாவின் வாக்கைத் திருத்திய பாவம் வராதா?”

மன்னர் நெற்றியைத் தேய்த்தார். தந்தையின் கல்வெட்டில் ஓர் எழுத்தும் மாறாது என்று முடிசூடிய அன்று சத்தியம் செய்தவர் அவர்.

“திருமேனி, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், சேர்க்காமல், மாசானத்தைக் கப்பலேற்ற உம்மால் முடியுமா?”

“முடியும் மகாராஜா. நாளைக் காலை வரைக்கும் உங்கள் முத்திரை மோதிரம் மட்டும் வேண்டும். யாரும் என்னைத் தடுக்கக் கூடாது.”

மன்னர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பூவராகர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் மன்னர் அவைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிம்மாசனத்தில் யாரோ ஒருவன்! காலை மடக்கிப் போட்டு, வாயைத் திறந்து, கொர்கொர்ரென்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முத்திரை மோதிரத்தைக் கண்டு காவலர்கள் அவனை உள்ளே விட்டிருந்தார்கள்.

“யாரடா இவன்?”

“என் மைத்துனர், மகாராஜா,” என்றார் திருமேனி. “என் மனைவிக்கு மூத்தவர்.”

“அதற்கு?”

“மூத்தவருக்கு முதலிடம் என்று கல்லில் இருக்கிறது. இந்த ராஜ்ஜியத்தில் முதலிடம் எது? இதுதானே! கப்பலில் என்றா வெட்டியிருக்கிறது? நானாக ஒரு சொல்லைச் சேர்த்தால் பாவம் வராதா?”

மன்னரின் கண், வேடிக்கை பார்க்க அவைக்கு வந்திருந்த பூவராகர் பக்கம் மெல்லத் திரும்பியது.

“பூவராகரே, நீர்தான் கல்வெட்டுக்கு உரை சொல்கிறவராயிற்றே. இப்போது சொல்லும். எதில் மூத்தவர்? நேற்றுச் சொன்னதுதான் சரியென்றால் இவரே ராஜா. இவருக்கு நீர் சாமரம் வீசலாம்.”

பூவராகரின் தொந்தி குலுங்கியது. “ஐயோ மகாராஜா! ஊழியத்தில்! ஊழியத்தில் மூத்தவர்! அரண்மனைக்கு உழைத்தவர்களில் மூத்தவர்! சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!”

“தெரிந்தே செய்தீரா?”

பூவராகர் பின்வாங்கப் பார்க்க, மன்னர் காவலனிடம் திரும்பினார்.

“கப்பலை நிறுத்து! மாசானம் ஏறிய பிறகுதான் நங்கூரம் எடுக்க வேண்டும். பூவராகரே, உமக்கு இன்றோடு வேலை போயிற்று. நாளைக்கு வந்து கடைநிலை ஊழியராகச் சேர்ந்துகொள்ளும். ஊழியத்தில் உமக்கு இளையவர் இந்த நாட்டிலேயே இருக்க மாட்டார்கள்.”

மாசானம் கப்பலுக்கு ஓடியதைப் பார்த்தவர்கள், அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது என்றார்கள். அவர் தீவில் கால் வைத்தபோது மகளுக்கு வலி எடுத்திருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றாள்.

இங்கே அவையில் மன்னர் நின்றுகொண்டே இருந்தார்.

“திருமேனி, எல்லாம் சரி. முதலில் இந்த ஆளை எழுப்பும்.”

திருமேனி தோளைப் பிடித்து உலுக்கினார். மைத்துனர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். “சும்மா இருங்க மாப்பிள்ளை. இப்போதுதான் மெத்தை பதமாகியிருக்கிறது,” என்று புரண்டு படுத்தார்.

திருமேனி கைகூப்பினார். “பார்த்தீர்களா மகாராஜா? இனாமாக வந்த இடத்திலிருந்து ஒரு மைத்துனனை எழுப்புவதே இந்தப் பாடு. பாவம் பூவராகர், ஒரு கப்பல் நிறைய வைத்திருந்தார்!”

மன்னர் சிரித்த சிரிப்பில் மைத்துனர் தானே எழுந்துவிட்டார். மோதிரத்தைத் திருமேனி திருப்பி நீட்டினார். “அது உமக்கே,” என்றார் மன்னர். “மைத்துனரிடம் மட்டும் காட்டிவிடாதீர்!”