தலைவர் கொடுத்த களம்

மாவட்டக் கபடி இறுதிப்போட்டி தன் அரிசி ஆலைக்குப் பின்னாலிருக்கும் பொட்டலில்தான் நடக்கும் என்று கபடிக் கழகத் தலைவர் செங்கோட்டுவேல் அறிவித்துவிட்டார். எல்லாம் விளையாட்டின் மேலுள்ள பாசம். போட்டி வந்தால் ஆலைக்குத் தார் ரோடும் வரும் என்பது வேறு விஷயம்.

பொட்டல் முழுக்க நெருஞ்சி முள். களத்தில் கோடு போடும் வெள்ளியங்கிரியைத் தலைவர் கூப்பிட்டார்.

"களம் பஞ்சு மெத்தையாட்டம் இருக்குன்னு பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

வெள்ளியங்கிரி கேமராக்களுக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"தலைவர் சொன்னாப் பஞ்சு மெத்தைதானுங்க. வெறுங்காலோட இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுத்தானுங்களே நம்ம ஆட்டத்தையே ஆரம்பிப்போம்? களம் குடுத்த மகராசன் முதல்ல கும்பிடட்டுங்க."

சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் கைதட்டினார்கள். தலைவர் வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றினார். மூன்றாவது அடியில் அவர் போட்ட சத்தத்தில் ஆலைச் சங்கு தோற்றது.

மறுநாள் பேப்பரில் அவருடைய அறிக்கை வந்தது: "வீரர்களின் நலன் கருதி இறுதிப்போட்டியைப் பள்ளி மைதானத்துக்கு மாற்றியிருக்கிறேன்."

பக்கத்திலேயே படம். தலைவரின் பாதத்தை மடியில் வைத்து வெள்ளியங்கிரி பயபக்தியோடு முள் எடுத்துக்கொண்டிருந்தார்.