மோர்ச்சட்டிக் கல்

"இந்தப் பாசிக் கல்லையே இன்னும் எத்தனை நாளைக்குங்க அம்மணி தேய்ச்சுட்டு இருக்கறது?"

கேட்டவர் நாச்சிமுத்து. அறுபதைத் தாண்டியவர். கேட்கப்பட்டவள் தெய்வானை. காங்கேயத்தில் கல் பட்டறை வைத்திருப்பவள். வயதைப் பார்த்தால் அவருக்கு மகள் மாதிரி. ஆனால் அந்தப் பட்டறைக்குள் அவள்தான் அவருக்குக் குரு.

தெய்வானை சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கல்லுல பாசி எந்தப் பக்கம் போகுதுங்ணா?"

நாச்சிமுத்து கையிலிருந்த கல்லைத் தண்ணீரில் முக்கி, வெளிச்சத்தில் பிடித்தார்.

"எல்லாப் பக்கமும் போகுதுங்க. நூல்கண்டு சிக்குன மாதிரி."

"அப்ப அது பாசிக் கல்லு. இது?"

"இது தட்டையாப் படுத்திருக்குது. காயிதத்துல மை ஊறுனாப்பல. மரக் கல்லுங்க."

"இது?"

"இது அடியில வேர் புடிச்சு, மேல விரிஞ்சு நிக்குது. இறகுக் கல்லு."

"மூணுல எதுல செடி இருக்குது?"

"ஒண்ணுலயும் இல்லீங்க. எல்லாம் இரும்புத் துருவும் மண்ணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அப்பறம் எதைத்தான் பாத்துட்டு இருக்கறீங்க?"

நாச்சிமுத்து மறுபடி பாசிக் கல்லைக் கையில் எடுத்தார். அவளிடம் இதுதான் தொல்லை. ஒரு கேள்வியோடு போனால் விடை கிடைக்காது. அவள் கேள்வி ஒன்றையும் சேர்த்துத் தலையில் கட்டி அனுப்புவாள்.

அவருக்கோ அவசரம். என்ன அவசரம் என்று அவளிடம் சொன்னதே இல்லை.

அவர் மனைவி பாவாயிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து இருட்டு மூடி மூடி வந்து, இப்போது நடுவில் ஒரு வளையல் அகலம்தான் மிச்சம். முகத்தைப் பார்த்தால் கை தெரியாது. கையைப் பார்த்தால் முகம் தெரியாது. அதுவும் நிற்காது, பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்ன பாக்கோணும், சொல்லு. பழனியா? ராமேசுவரமா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"அந்த மோர்ச்சட்டிக் கல்லை நீங்க எனக்கு எடுத்துக் காட்டோணும்," என்றாள் பாவாயி.

நாச்சிமுத்து ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டிக்காரர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் ஏழெட்டு ஜில்லாப் பாறையைத் துளைத்துவிட்டுத்தான் வீடு திரும்பும். கல்யாணமான புதிதில் ஒரு கோடைக்கு, வண்டி ஆட்களுக்குச் சமைத்துப்போட பாவாயியும் கூடப் போனாள். மராட்டியத்துக் கரும்பாறைச் சீமை. அங்கே பாத்திரம் கழுவுகிற ஓடையில் அவளுக்கு அந்தக் கல் கிடைத்தது. தேங்காய் மூடி அளவு, ஒரு பக்கம் உடைந்தது.

ஊருக்குக் கொண்டுவந்து மோர்ச்சட்டி மூடிமேல் பாரத்துக்கு வைத்தாள். அன்றிலிருந்து பூனைக்கும் மோருக்கும் நடுவே அதுதான் காவல். நாச்சிமுத்து அதை ஒரு நாளும் கையில் எடுத்ததில்லை. பகலெல்லாம் பாறையோடு மல்லுக்கட்டுகிறவன் வீட்டிலும் வந்து கல்லையா பார்ப்பான்?

இப்போது எடுத்தார். பட்டறைக்குக் கொண்டுவந்தார். தெய்வானை அதைப் பலகை பலகையாக அறுத்தாள். நடுப் பலகையில் செக்கச்செவேலென்று ஓர் இறகு எழுந்து நின்றது.

"நானே மெருகேத்திக் குடுத்தர்றனுங்ணா," என்றாள்.

"வேண்டாங்க. என் கையால செய்யோணும். கத்துக் குடுங்க."

யாருக்கு என்று அவள் கேட்டாள். "சும்மாதானுங்க," என்றார். இந்த வயதில் பொண்டாட்டிக்குக் கல் மெருகேற்ற வந்தேன் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தில், பலகையைப் பாதியில் வீட்டுக்குக் கொண்டுபோவதும் இல்லை என்று ஒரு வைராக்கியம். காட்டினால் பளபளவென்று காட்ட வேண்டும். அதனால் அது பட்டறைத் தொட்டித் தண்ணீரிலேயே கிடந்தது.

இங்கே பழகக் கொடுத்த பாசிக் கல் தேய்ந்தது. அங்கே பாவாயி கண்ணில் வளையல் சுருங்கியது.

"சரி, உங்க கல்லை எடுங்க," என்றாள் தெய்வானை அன்றைக்கு.

அவரால் நம்ப முடியவில்லை. தொட்டிக்குள் கைவிட்டு எடுத்தார். பென்சில் கோடு தண்ணீரில் அழிந்துபோகும் என்பதால் அலுமினியக் கம்பியால் இறகைச் சுற்றி முட்டை வடிவத்தில் கோடு போட்டார். மேல்புறம் உப்பலாக வர வேண்டும், அடிப்புறம் தட்டை. இறகுக்கு மேலே தெளிந்த கல் ஒரு படலம் மிஞ்ச வேண்டும். ஆசைப்பட்டு அதையும் தேய்த்தால் இறகு அறுபட்டுப் பல்லிளிக்கும். எல்லாம் படித்த பாடம். சக்கரத்தருகே போனார்.

"அதை வெயில்ல வச்சுட்டு வாங்ணா."

"எதுக்குங்க?"

"டீ குடிச்சுட்டு வந்தர்லாம்."

குடித்துவிட்டு வந்தார்கள். வெயிலில் கல் காய்ந்து வெளுத்திருந்தது. இறகு மங்கி, இருக்கிறதா இல்லையா என்று கிடந்தது. அதன் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரு தலைமயிர் ஓடியிருந்தது.

நாச்சிமுத்து விரலால் அதைத் துடைத்தார். அது போகவில்லை.

"விரிசலுங்களா?"

"ஆமாங்ணா."

"தண்ணியில தெரியவே இல்லீங்களே."

"ஈரத்துல தெரியாது. நீங்க ஒரு நாளும் அதைக் காயவுட்டுப் பாக்கலை."

"சக்கரத்துல வச்சா?"

"ரெண்டாப் போயிரும்."

"மெதுவா வச்சா?"

"மெதுவா ரெண்டாப் போயிரும்."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?"

"அறுத்த அன்னிக்கு நீங்க போனப்பறம் காயவுட்டுப் பாத்தேன். சொன்னா மனசுல நிக்காது, நீங்களே பாத்தாத்தான் நிக்கும்னு வுட்டுட்டேன். வேற கல்லு எடுத்துக்கலாங்ணா. கல்லுக்கா பஞ்சம்?"

நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பாறையை உடைத்த ஆள், ஒரு மயிர்க்கோட்டின் முன்னால் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். தெய்வானை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"யாருக்குங்ணா இந்தக் கல்லு?"

இந்தத் தடவை சொல்லிவிட்டார். மோர்ச்சட்டியையும் சொன்னார், வளையலையும் சொன்னார்.

தெய்வானை எழுந்து மோட்டாரை நிறுத்தினாள்.

"மெருகேத்துனா என்னங்ணா ஆகும்?"

"உள்ள இருக்கறது பளிச்சுனு தெரியும்."

அவள் எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்தாள். அதில் பலகையை வைத்தாள். குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

இறகு எழுந்து நின்றது. விரிசலைக் காணோம்.

நாச்சிமுத்து தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"வெண்ணெயைக் கையில வச்சுட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கறனுங்களே அம்மணி."

"நானும் ஒருக்கா அழுத்திக் கேட்டிருக்கோணும். வெயில் இருக்கறப்பவே போங்ணா."

அவர் கைகூப்பினார். "உங்களுக்கு நான் என்னங்க செய்யறது..."

"தட்டைத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

பலகையை ஈரத் துண்டில் சுற்றி, தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மனசு நிறைந்து வழிந்தது. வழியெல்லாம் தெய்வானைக்கு நன்றி சொன்னார். சொம்புத் தண்ணீருக்குச் சொன்னார். அந்த விரிசலுக்கும் ஒரு கும்பிடு போட்டார். அது மட்டும் இல்லாவிட்டால் இன்னும் சக்கரத்தடியில் அல்லவா உட்கார்ந்திருப்பார்?

பாவாயி வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கக் கண் வேண்டியதில்லை.

"யாரு, மாமாவுங்களா? என்ன பொழுதோட வந்துட்டீங்க?"

அவர் தட்டை அவள் மடியில் வைத்தார். பலகையை வைத்து, வாசலில் இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். எதிரே குந்தினார்.

இத்தனை நாளும் அவர் அதை வெட்டுகிறவன் கண்ணால் பார்த்திருந்தார். எங்கே கோடு போடலாம், எவ்வளவு தேய்க்கலாம் என்றே பார்த்திருந்தார். இப்போது காட்டுகிறவனாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பேச்சு வந்தது.

"பாத்தியா புள்ள? அடியில வேராட்டம் கருஞ்செவப்பு. அப்படியே எந்திரிச்சு சேவல் வாலாட்டம் விரியுது பாரு. நுனியெல்லாம் பொன்னு. எந்தக் காலத்துல மொளைச்சுதோ! நாம கும்புடற சாமிக்கெல்லாம் முன்னால மொளைச்சிருக்கும். இது நம்ம மோர்ச்சட்டி மேலயா புள்ள குந்தியிருந்துச்சு?"

நிமிர்ந்தார். பாவாயி தட்டைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த அந்த வளையல் அகலத்தை அப்படியே அவர் முகத்தில் வைத்திருந்தாள்.

"கல்லைப் பாரு பாவாயி. காஞ்சிரும்."

"கல்லை நான் அன்னிக்கே பாத்துட்டேனுங்க மாமா. ஓடையில கழுவி, ஈரத்தோட ஓடியாந்து உங்ககிட்டக் காட்டினேன். வண்டிச் சத்தத்துல நீங்க திரும்பலை. அப்பறம் காஞ்சு போச்சு."

நாச்சிமுத்துவின் கை தானாகச் சொம்பைத் தேடி, கல்லின்மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியது.

"அப்படியே முகத்தை வெயில் பக்கமாத் திருப்பி உக்காருங்க," என்றாள் பாவாயி. "உக்காந்து, இன்னொருக்கா நல்லாப் பாருங்க."