ஸ்டியரிங்கில் ஒரு சாண் ஆட்டம்

"வண்டி ஓடிக்கிட்டுத்தானுங்க இருக்குது. தேஞ்சுபோச்சுன்னு ஒரு சாமானை எப்பங்க சாமி மாத்தறது?"

கேட்டவர் நல்லசிவம். வயது அறுபத்திரண்டு. ராசிபுரத்தில் நூல் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை காரில் மலையேறி மடத்துக்கு வந்துபோகும் சீடர். சாமிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. இருந்தாலும் சாமி சாமிதான்.

விஷயம் இதுதான். காரின் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்தது. ஒரு மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டு தேய்ந்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்றான். நல்லசிவத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்னொரு மெக்கானிக்கிடம் போனார். அவன் இன்னும் ஒரு வருசம் ஓடும் என்றான். இந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால் மூன்றாவதாகச் சாமியிடம் வந்தார்.

உள்ளதைச் சொன்னால், அவர் எதிர்பார்த்ததே வேறு. உடம்பும் ஒரு வண்டிதான், தேய்வது அதன் இயல்பு, பற்று வைக்காதே என்று சாமி ஏதாவது சொல்வார். தலையாட்டிக் கேட்டுவிட்டு, கூட வந்திருக்கும் மகளையும் கைக்குழந்தைப் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு மத்தியானம் மலையிறங்கிவிடலாம். செலவு வைக்காத ஞானம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

சாமி அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"வண்டி எங்க நிக்குதுங்க?" என்று எழுந்தார்.

மடத்து வாசலில் கார் பளபளவென்று நின்றது. பழைய கார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை ஸ்டியரிங்குக்குப் புது உறை. அதன் உச்சியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அன்று காலை கிளம்பும்போதுகூட நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நல்லசிவம் வீட்டைத் தாண்டினார்.

"இத்தனையும் செய்யறீங்க. அந்தக் கம்பிய மட்டும் ஏனுங்க விட்டீங்க?"

"அது அடியில இருக்குதுங்களே சாமி."

"ஆட்டம் எவ்வளவு இருக்கும்?"

"கொஞ்சூண்டுதானுங்க. வளைவு வர்றதுக்கு முன்னாலயே திருப்ப ஆரம்பிச்சுட்டாப் போதும். பழகிப்போச்சுங்க."

சாமி கதவைத் திறந்தார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. உள்ள உக்காந்து இதைத் திருப்ப மட்டும் செய்யறேன். நீங்க வெளிய நின்னு சக்கரத்தப் பாருங்க. திரும்பினாச் சொல்லுங்க."

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வந்தது. பல வருடமாக அந்தக் காரை ஓட்டுபவர் அவர். அது திரும்புவதை ஒருநாளும் வெளியே நின்று பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்? திருப்புகிறவரே அவர்தானே. சரி, சாமி சொன்னால் செய்துவிடுவோம் என்று வலது முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"திரும்புதுங்களா?"

"நீங்க இன்னும் திருப்பலீங்களே சாமி."

"திருப்பிட்டேனுங்க."

"இல்லீங்க. சக்கரம் அசையவே இல்ல."

"எந்திரிச்சு இங்க பாருங்க."

நல்லசிவம் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். உச்சியில் இருந்த சந்தனப் பொட்டு ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் கிடந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அது நேராக நின்றது. மறுபடியும் பொட்டு. மறுபடியும் சக்கரம்.

"இன்னும் கொஞ்சம் திருப்பட்டுங்களா?"

அவர் தலையாட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. சாமி இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினார்.

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வலது சக்கரம் இன்னும் நேராக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லசிவம் காரைச் சுற்றி ஓடி மறுபக்கம் பார்த்தார். வலது சக்கரம் இன்னும் நேராக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காரின் இரண்டு முன்சக்கரங்களும் வேறு வேறு திசையைப் பார்ப்பதை அவர் அன்றுதான் கண்டார். தரையில் படுத்துப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டிய கம்பி, மூட்டு கழன்று, மண்ணைத் தொட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது.

புரண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு மகள் பூங்கோதை குழந்தையோடு வெளியே வந்தாள்.

"என்னாச்சுங்கப்பா? ஏன் கீழ உக்காந்திருக்கீங்க?"

அவர் குழந்தையையே பார்த்தார். காலையில் கொண்டை ஊசி வளைவில் அது அழுதது. இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். பேத்தி அழுகிறாளே என்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே வளைவை ஏறினார். பின்சீட்டில் பூங்கோதை, "அப்பா ஓட்டினா மட்டும்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த டக் சத்தம் அங்கே கேட்டிருந்தால்?

சாமி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பூங்கோதையை உள்ளே போகச் சொன்னார். பிறகு அவரும் நல்லசிவத்தின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"காலையில இதுலதானுங்க சாமி குழந்தையக் கூட்டியாந்தேன்."

சாமி காலிச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"மத்தியானமும் இதுலயேதான் எறங்கியிருப்பனுங்க."

நல்லசிவம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வியாபாரம் செய்தவர் அல்லவா, அழுகைக்கு நடுவிலும் தன் பக்கத்து நியாயத்தைத் தேடினார்.

"நான் ஒண்ணும் வெவரங்கெட்டவன் இல்லீங்க சாமி. வண்டிய நம்பி யாரு கையிலயும் குடுக்க மாட்டேன். பொங்கலுக்கு வந்தப்ப எங்க மாப்பிள்ள சாவி கேட்டாரு. இது என் கைக்குத்தான் அடங்கும், நீங்க ஓட்டினா எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருவீங்கன்னு சொல்லிட்டனுங்க. வருத்தப்பட்டாரு. பட்டாப் படட்டும்னு விட்டுட்டேன். அவ்வளவு சூதானமா இருந்தவனுங்க நான். எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்களே சொல்லுங்க, இதை நான் எப்ப மாத்தியிருக்கணும்?"

"பொங்கலுக்கு" என்றார் சாமி.