மாலை விழுந்த மேனேஜர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் மேனேஜர் தேவநாதனுக்குத் தொண்டையிலேயே மைக் செட். ஒருநாள் கேன்டீனில் வந்து நின்று முழங்கினார்.

"எல்லாரும் இன்னைக்கே செல்போன்ல பாதுகாப்புப் பயிற்சி முடிக்கணும். மூணு மணி நேர வீடியோ. கேமரா உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருக்கும். மூஞ்சி நகர்ந்தா மறுபடி முதல்லேர்ந்து ஓடும். முடிக்காதவங்களுக்கு நாளைக்கு வேலை இல்லை!"

வடை சுடும் சின்னக்கிளி கேட்டாள்: "அடுப்புல எண்ணெய் கொதிக்குதுங்க சார். நான் எதைப் பார்க்கிறதுங்க?"

"அது உன் பாடு. எனக்கெல்லாம் ரூம்ல பயிற்சி ஓடிக்கிட்டே இருக்கு!"

ஆள் இங்கே, பயிற்சி அங்கேயா? டீ கொடுக்கிற சாக்கில் சின்னக்கிளி அவர் ரூமுக்குள் போனாள். மேஜைமேல் செல்போனில் வீடியோ ஓடியது. அதற்கு எதிரே, சட்டம் போட்ட தேவநாதன் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். கேன்டீன் சாமி படத்து மாலையைக் கழற்றி வந்து போட்டோவுக்குப் போட்டாள். ஊதுபத்தி கொளுத்தினாள். "ஐயோ, எங்க மேனேஜர் போயிட்டாரே!" என்று ஒப்பாரி வைத்தாள். தையல் மிஷின்கள் நின்றன. முதலாளியம்மாவே ஓடி வந்தார்.

தேவநாதன் கூட்டத்தை இடித்துக்கொண்டு நுழைந்தார். "அட, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

"அப்புறம் போட்டோவை எதுக்குங்க சார் தனியா உட்கார வெச்சிருக்கீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் செல்போன் பேசியது: "வாழ்த்துகள் தேவநாதன்! கண் இமைக்காமல் கவனித்தீர்கள். பயிற்சி முடிந்தது!"

முதலாளியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார்: "இப்ப என்ன பண்ணலாம் சின்னக்கிளி?"

"நாளையிலிருந்து போட்டோவே வேலைக்கு வரட்டுங்கம்மா. சார்தான் இன்னும் பயிற்சி முடிக்கலையே!"