வெள்ளிப் பானையும் பூதத்தின் பெயரும்

கடல் தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கத் தொடங்காத காலத்திலே, நீராழி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு மேலே ஒரு பெரிய ஏரி. ஏரியின் மதகை ஒரு பாறையால் அடைத்துக்கொண்டு, அடியில் ஒரு பூதம் படுத்திருந்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்போது, கரையில் நின்று பூதத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று முறை கூப்பிடலாம். பெயர் சரியாக இருந்தால் பூதம் பாறையைத் தூக்கும். மிகுந்த தண்ணீர் வாய்க்காலில் ஓடிவிடும். மூன்று முறையும் தவறினால் பூதம் அசையாது. கரை உடையும். ஊர் மூழ்கும்.

அந்தப் பெயர் ஒரு சமயத்தில் ஒருவர் நெஞ்சில்தான் தங்கும். யாரிடம் போய்ச் சேர்கிறதோ, அவருக்கே பூதம் கட்டுப்படும். அப்போது அதை வைத்திருந்தவர் மதகுக் காவலர் கார்மேகம். வயது அறுபதைத் தாண்டியவர். அவர் மனைவி முத்தரசி வாயாடி. ஆனால் கைப்பக்குவம் உள்ளவள்.

ஒருநாள் எதிர்வீட்டுக்கு மருளன் என்பவன் குடிவந்தான். அவன் மந்திரவாதி என்பது யாருக்கும் தெரியாது. வந்த அன்றே ஒரு வெள்ளிப் பானை நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினான். நெய்யில் மிதந்து, பாகில் ஊறிய அதிரசம்.

நீராழியில் ஒரு வழக்கம். பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒருபிடி அரிசியாவது போட்டுக் கொடுப்பார்கள். கார்மேகம் அரிசிப் பானையைத் தேடியபோது, மருளன் வாசலில் நின்று சிரித்தான்.

"அரிசி எதுக்குண்ணே? பானைக்குள்ள குனிஞ்சு ஒரு பழைய ஞாபகத்தைச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அரிசி மிச்சம் என்று கார்மேகத்துக்கு மகிழ்ச்சி. தன் பசுவின் கதையைச் சொன்னார். மறுநாள் பசுவின் பெயர் நினைவில்லை.

பானை மறுபடி வந்தது. தின்றார், சொன்னார், மறந்தார். இந்த முறை போனது ஏரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. பசுதான் முன்னால் நடந்து அவரைக் கூட்டிவந்தது.

பானை மறுபடி வந்தது. தின்றார், சொன்னார், மறந்தார். மறுநாள் காலை முத்தரசியைப் பார்த்து, "அம்மா, இந்த வீட்டுக்காரங்க எங்க போயிட்டாங்க?" என்று கேட்டார்.

எல்லாம் அந்தப் பானை வந்த பிறகுதான் என்று முத்தரசிக்குப் பொறி தட்டியது. திருப்பிக் கொடுக்காமல் அடுப்படியில் இருந்த வெள்ளிப் பானையில் காதை வைத்தாள். உள்ளே ரீங்காரம். மூடியைத் திறந்தாள். பொன்னிறத் தும்பிகள் பறந்து வந்து கார்மேகத்தின் தலையைச் சுற்றின. உட்காரவில்லை.

"ஏன் சுத்துறீங்க? உங்க வீடுதானே?" என்றாள்.

"நாங்க அவரோட ஞாபகங்கள்தான்" என்றது ஒரு தும்பி. "ஆனா உட்கார இடமில்லை, தாயி. அதிரசத்தையே தின்னு தின்னு இந்தத் தலை பட்டினி கிடக்கு. கீரை போடு, மீன் போடு, பயறும் நெல்லியும் போடு. ஊறின மண்ணுலதான் நாங்க இறங்குவோம். அவசரப்பட்டா ஆகாது."

"இன்னும் ஒண்ணு பாக்கி. பூதத்தோட பேரு எங்கே?" என்றாள் முத்தரசி.

"அது இன்னும் அவரு தலைக்குள்ளேதான் இருக்கு. இறக்கை அசைக்கத் தெம்பில்லை."

முத்தரசி ஓடிப்போய்க் கணவரின் தோளைப் பிடித்தாள். "அந்தப் பேரை என்கிட்ட சொல்லிடுங்க." அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வெளியே முதல் மழைத்துளி விழுந்தது.

அன்றிலிருந்து அடுப்பு அணையவில்லை. முத்தரசி முருங்கைக்கீரையை வதக்கி வைத்தாள். கார்மேகம் தட்டைத் தள்ளினார். அதிரசம் தின்ற நாக்குக்கு எல்லாமே மண்ணாக இருந்தது.

"இது மாட்டுத் தீனி."

"மாட்டுக்கு வீட்டு வழி மறக்கலை. உங்களுக்குத்தான் மறந்துபோச்சு. சாப்பிடுங்க."

முறைத்துக்கொண்டே சாப்பிட்டார். மழை பெய்தது. ஏரி ஏறியது. பல நாள் கழித்து ஒரு தும்பி அவர் தலையில் இறங்கியது. "செவலை" என்று பசுவைக் கூப்பிட்டார். மழை பெய்தது. ஏரி ஏறியது. மீன் குழம்பும் கேழ்வரகுக் களியும் உள்ளே போயின. இன்னொரு தும்பி இறங்கியது. தானாகவே வீட்டுக்கு வழி கண்டு வந்தார். மழை பெய்தது. ஏரி ஏறியது. வல்லாரைத் துவையலைத் தொட்டு நக்கிவிட்டு, "ஏடி முத்தரசி, உப்பு கம்மி" என்றார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் பூதத்தின் பெயர் மட்டும் வரவில்லை. ஏரி நிரம்பிவிட்டது.

ஊரே கரையில் கூடியது. காலுக்கடியில் மண் கசிந்தது. கார்மேகம் தண்ணீரைப் பார்த்து, "கருங்காலா!" என்றார். பூதம் அசையவில்லை. "கல்தோளா!" என்றார். அசையவில்லை. கரையில் ஒரு விரிசல் ஓடியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருளன் வந்தான். அவன் கையில் வெள்ளிப் பானை. ஆளில்லாத வீட்டில் புகுந்து எடுத்துவந்திருந்தான். "உங்களால முடியாதுண்ணே. என் பானையை வெறுமையாவா வெச்சிருந்தீங்க? வழக்கம் என்னாச்சு? ஒரு அதிரசம் தின்னுட்டு, உள்ளே கிடக்கிற பேரைப் பானைக்குக் கொடுங்க. பூதத்தை நான் கூப்பிடுறேன்."

"கொடுத்துடுங்க. உயிரு பிழைச்சா போதும்" என்றது கூட்டம்.

"பூதம் இவன் கைக்குப் போனா, நாளைக்குத் தண்ணி கேட்டு இவன் காலைத்தான் பிடிக்கணும்" என்றாள் முத்தரசி. யாரும் கேட்கவில்லை. கார்மேகம் மெல்லப் பானையின் மேல் குனிந்தார்.

முத்தரசி குறுக்கே வந்தாள். கணவருக்குக் கொண்டுவந்திருந்த மீன் குழம்பையும் கீரையையும் களியையும் அப்படியே பானையில் கொட்டினாள். விளிம்புவரை நிறைந்தது.

"வழக்கத்தை நாங்க மறக்கலை, தம்பி. நிறைச்சே கொடுத்துட்டோம். கணக்கு தீர்ந்துச்சு."

வழக்கப்படி நிறைந்த பானைக்கு வேறெதையும் வாங்க உரிமையில்லை. வெள்ளி கறுத்து, மண்ணாகி, மருளன் கையிலேயே உதிர்ந்தது. அடுத்தவர் நினைவிலேயே வாழ்ந்தவன் அவன். பானை போனதும் மந்திரம் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போனது. எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் விழித்தான்.

விரிசலில் தண்ணீர் பீறிட்டது. "சீக்கிரம், சீக்கிரம்" என்றது கூட்டம்.

"அவரை யாரும் விரட்டாதீங்க" என்றாள் முத்தரசி.

கார்மேகம் ஈரமண்ணில் உட்கார்ந்து கண்ணை மூடினார். நெற்றிக்குப் பின்னால் எங்கோ ஓர் இறக்கை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அவர் தண்ணீரை நோக்கிக் குனிந்து, பூதத்துக்கு மட்டும் கேட்கும்படி பெயரைச் சொன்னார்.

என்ன பெயர் என்று கேட்காதீர்கள். சொன்னால் பூதம் உங்களுடையதாகிவிடும். பிறகு மதகுக்கு யார் காவல்?

ஏரி குமுறியது. பூதம் பாறையைத் தூக்கியது. தண்ணீர் வாய்க்கால்களில் பாய, கரை தப்பியது, ஊர் தப்பியது. அரசர் மகிழ்ந்து, ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தை முத்தரசிக்கே கொடுத்தார். அவள் அதில் முருங்கையும் வல்லாரையும் நெல்லியும் வைத்தாள். தலை நரைத்தவர் யார் வந்தாலும் பறித்துக்கொள்ளலாம் என்றாள்.

மருளனையும் அவள் விரட்டவில்லை. தன் பெயரையே மறந்தவன் எங்கே போவான்? மறுநாள் முத்தரசி ஊருக்குப் போட்ட பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்தான்.

"அக்கா, சாப்பிட என்ன இருக்கு?"

"கீரை."

"அதிரசம் இல்லையா?"

"தீபாவளிக்கு ஒண்ணு தர்றேன். இப்ப இலையைப் பார்த்துச் சாப்பிடு."

அவர்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். நாமும் கை கழுவிக்கொண்டு வருவோம்.