வான்கோழி விழுங்கிய பெயர்

அந்தக் காலத்தில், பறவைக்கும் விலங்குக்கும் பேச்சு ஒன்றாயிருந்தபோது, மெக்சிகோ தேசத்திலேயே அழகான தலை வான்கோழியின் தலைதான். பச்சையும் பொன்னும் செம்பும் கலந்த இறகுகள், வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கும். இப்போது மொட்டையாய், சதை தொங்கிக்கொண்டு நிற்கிறதே, அதே தலைதான்.

எரிமலைக்குக் கீழே ஓர் ஏரி. ஏரிக்கரை ஊரில் வான்கோழிக் குடும்பம் ஒன்றே ஒன்று இருந்தது. அப்பன் எவரிஸ்தோ, மகன் தாசியோ. தாய், குஞ்சு பொரித்த சூட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். எவரிஸ்தோ மக்காச்சோளம் விதைக்கிறவர் என்பது ஊர் அறிந்தது. ஊர் அறியாதது ஒன்று உண்டு. சந்தை நாள்தோறும் கறுப்பு முகமூடியும் கழுத்திலிருந்து கால்வரை அங்கியும் போட்டுக் கோதாவில் இறங்கி, வந்தவனையெல்லாம் மண்ணைக் கவ்வவைத்த சாம்பல்மலையான் என்ற மல்லன் அவர்தான்.

அந்த ஊர்க் கோதாவுக்குச் சட்டம் கடுமை. முகமூடிக்குள் யார் என்று கேட்கக் கூடாது. அங்கிக்கு வெளியே வாலோ நகமோ நீட்டிக்கொண்டிருந்தாலும் கண்டும் காணாமல் இருக்க வேண்டும். எதிராளியின் முகமூடியைப் பிடித்து இழுத்தவன், ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும், அந்த நொடியே தோற்றவன். இரண்டு பேர் முகமூடிகளைப் பந்தயம் வைத்து மோதினால், தோற்றவன் தானே தன் முகமூடியைக் கழற்றிவிட்டு, பெயர் என்ன, ஊர் எது, எத்தனை வருடம் ஆடினான், யார் பிள்ளை என்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். அதோடு அவன் கதை முடிந்தது.

எவரிஸ்தோ கடைசிவரை தோற்கவில்லை. முகம் காட்டாமலே ஓய்ந்தார். "சாம்பல்மலையான் எங்கே போனார்?" என்று ஊர் கேட்டபோது அவரும் கூட்டத்தோடு நின்று, "அதானே, எங்கே போனார்?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்த ரக்கூன் குட்டி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, சாம்பல் ரோமம், வளையம் வளையமாய் வால், பிடித்தால் விடாத விரல்கள். எவரிஸ்தோ அதை இறக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்து நாபோர் என்று பெயர் வைத்தார். அன்றைக்கே தாசியோவின் அடிவயிற்றில் ஒரு கங்கு விழுந்தது. அதுவரை அந்த இறக்கைக்குள் அவன் ஒருவன்தான்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். கொல்லையில் எவரிஸ்தோ நாபோருக்குப் பிடி சொல்லிக்கொடுப்பார். விழுவது எப்படி, விழுந்தவன் எழுவது எப்படி, கழுத்துப் பிடியிலிருந்து நழுவுவது எப்படி. தாசியோ பக்கத்தில் போனால், "நீ நிழல்ல நில்லுடா. தலையில புழுதி படும்" என்பார். சாயங்காலம் அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தலை இறகுகளை ஒவ்வொன்றாய் அலகால் கோதிவிடுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. தாசியோ அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கொல்லையில் கேட்கிற தொப்பு தொப்பென்ற சத்தத்தில்தான் அவன் காது இருந்தது.

ஒருநாள் எவரிஸ்தோ மக்காச்சோளக் குதிருக்குள் கையை விடுவதுபோல் கழுத்தை விட்டு, முகமூடியை வெளியே எடுத்தார். கற்றாழை நாரில் நெய்து எரிமலைக் கரியில் ஊறவைத்தது. அதைப் பார்த்ததும் தாசியோ தலையைக் குனிந்து நீட்டினான். கண்ணையும் மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது முகமூடி நாபோர் முகத்தில் இருந்தது. எவரிஸ்தோ பின்னால் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

ஏனப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். நீட்டிய தலையை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்போடு, தரையில் கிடந்த சோளத்தைப் பொறுக்குவதுபோல் இரண்டு கொத்து கொத்திவிட்டு வெளியே போனான்.

அடுத்த சந்தை நாளில் அறிவிப்புக்காரக் கிளி கம்பத்தின் மேல் ஏறிக் கத்தியது. "சாம்பல்மலையானின் மகன்! சாம்பல்மலையானின் மகன் வர்றார், வழி விடுங்க!"

கூட்டம் எழுந்து நின்றது. தாசியோவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் உடும்புக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அப்பன் நடந்த அதே நடை. ரத்தம்னா ரத்தம்தான். வேற எவனுக்கு வரும்?"

"வால் தெரியுதே அக்கா. வளையம் வளையமா" என்றான் தாசியோ.

"சீ! வாலைப் பார்க்கிறவனா நீ? நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு நினைச்சேன்."

கூட்டத்தில் முதல் வரிசையில் எவரிஸ்தோ சோளம் உதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவர் அலகு ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி உதிர்த்தது. தாசியோ கோதாவைப் பார்க்கவில்லை, அந்த அலகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. எவரிஸ்தோ அந்தக் காலத்தில் வாசலைத் தாண்டியதும் முகமூடியைக் கழற்றிவிடுவார். நாபோர் கழற்றவே மாட்டான். சாப்பிடும்போதும் அதோடுதான், யாரும் பார்க்காத இருட்டில் ஏரிக்குப் போய் மீன் அலசும்போதும் அதோடுதான், தூங்கும்போதும் அதோடுதான்.

"தூங்கும்போதாவது கழற்றித் தொலையேன்டா."

"அப்பா முகம் அண்ணே இது. கழற்றி எங்க வைப்பேன்?"

"உன் முகம் எங்கடா போச்சு?"

"எனக்கு எங்க இருந்தது?" என்று நாபோர் சிரித்தான். சிரித்தது வேறு தாசியோவுக்கு எரிந்தது. அடிக்கலாம் என்றால் அடிக்கிற மாதிரி அவன் ஒன்றும் சொல்வதில்லை. அண்ணே என்ற சொல்லை மட்டும் அவன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டால் தேவலை என்றிருக்கும்.

ஊரில் அத்தனை முகமூடிகளையும் தைப்பவள் சிலந்தி. தாசியோ அவளிடம் போனான். சோளக்கதிரின் செம்பட்டு நூலில் ஒரு முகமூடி தைத்துக் கொடுத்தாள். செங்கொள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டு அவன் கோதாவில் இறங்கினான். பிடி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவன், கண்ணில் மண்ணைத் தூவினான், விரலைக் கடித்தான், எண்ணுகிற நடுவரின் பார்வைக்கு மறைவாய் உதைத்தான். அதற்கும் அந்த ஊரில் ரசிகர்கள் உண்டு. மூன்று வருடத்தில் செங்கொள்ளி என்றால் குஞ்சுகள் அழுகையை நிறுத்தும் என்றாகிவிட்டது.

அப்புறம் ஒரு சந்தை நாளில், எல்லாரும் இருக்கும்போது, கம்பத்தடியில் நின்று கத்தினான்: "சாம்பல்மலையானின் மகனாம்! மகன்னா வரச் சொல்லுங்க. என் முகமூடி, அவன் முகமூடி. யார் முகம் யாருதுன்னு ஊர் பார்க்கட்டும்!"

நாபோர் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது, முகமூடியின் மானம் அது.

மோதலுக்கு முந்தின நாள் தாசியோ ஊசியிலை மரப் பிசின் ஒரு கிண்ணம் கொண்டுபோய்ச் சிலந்தியின் முன்னால் வைத்தான்.

"அக்கா, உள்பக்கம் முழுக்க இதைத் தடவி ஒட்டிவிடுங்க."

"எதுக்கு?"

"அவன் விரல் பொல்லாத விரல். கயிற்று முடிச்சை அவிழ்த்துடுவான்."

"நாபோரா அவிழ்ப்பான்?" அவளுக்கு எல்லா முகமும் தெரியும். "கழற்றத்தான் தம்பி முகமூடி தைக்கிறது. கழற்ற முடியாட்டா அதுக்குப் பேர் முகம். வேண்டாம்."

"உங்களுக்கும் அவன்தான் பெரிசு."

சிலந்தி எட்டுக் கண்ணாலும் அவனைப் பார்த்தாள். பிசினை அவள் தொடவில்லை. அவனே தடவிக்கொண்டான்.

மோதல் அன்று ஏரிக்கரையில் எள் போட்டால் விழாத கூட்டம். எண்ணுகிறவர் ஆமை. முதுகு மண்ணில் பட்டவனை மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால் ஒரு சுற்று. மூன்றில் இரண்டு சுற்று எடுத்தவன் ஜெயித்தவன். ஆமை மூன்று எண்ணி முடிப்பதற்குள் விழுந்தவன் எழுந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஊரில் கேலி உண்டு.

முதல் சுற்று தாசியோவுக்கு. கண்ணில் மண்ணைத் தூவி, இறக்கையால் அறைந்து சாய்த்தான். இரண்டாவது நாபோருக்கு. அதே நழுவல், அதே புரட்டல், கொல்லையில் தாசியோ நிழலில் நின்று பார்த்த அதே பிடி. அந்தப் பிடி தன் கழுத்தில் விழுந்தபோது, வலிக்கு முன்னால் அவனுக்குத் தோன்றியது இதுதான்: அப்பா தொட்டிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

மூன்றாவது சுற்றில் தாசியோவின் முதுகு மண்ணில் இருந்தது. ஆமை கழுத்தை நீட்டி, "ஒண்ணு..." என்றார்.

நாபோர் குனிந்து அவன் காதோரம் கிசுகிசுத்தான். "அண்ணே? நீதானே?"

தாசியோ முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"மூச்சிலேயே தெரியுது அண்ணே. நான் பிடியைத் தளர்த்துறேன். என்னைப் புரட்டிப் போட்டுடு. நீயே ஜெயிச்சுக்கோ. முகமூடி உன் வீட்டு முகமூடிதானே."

ஜெயம் மடியில் வந்து விழுந்தது. முகமூடியும் வந்தது. ஆனால் அவன் கொடுத்து வந்தது. அப்பாவிடமிருந்து அவனுக்குப் போனது, அவனிடமிருந்து பிச்சையாய் எனக்கு வருவதா? தாசியோவின் கண் இருட்டியது. பிடி தளர்ந்த அந்தக் கணத்தில் அவன் புரட்டவில்லை. அலகை நீட்டி, கறுப்பு முகமூடியைக் கவ்வி, கயிறு அறுந்து தெறிக்க ஒரே இழுப்பாய் இழுத்துவிட்டான்.

"பாருங்கடா!" என்று கத்தினான். "இதா மகன் முகம்? நல்லாப் பாருங்க!"

கூட்டம் மூச்சடைத்துப் போயிற்று. நாபோர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் குந்தினான். ஆமை மெதுவாய் வந்து, "கையை எடுப்பா, அடி பட்டிருக்கான்னு பார்க்கணும்" என்றார். நாபோர் கையை எடுத்தான்.

முகமூடி அங்கேயே இருந்தது. வருடக்கணக்கில் கழற்றாமல் கிடந்ததில், வியர்வையிலும் ஏரித்தண்ணீரிலும் எரிமலைக் கரி ஊறி இறங்கி, கண்ணைச் சுற்றித் தோலோடு தோலாய்ப் பதிந்துவிட்டிருந்தது. பார்க்க முகம் என்று ஒன்று இல்லை. கூட்டம் வெடித்தது. "கழற்ற முடியாதுடா! சாம்பல்மலையான் மகனைக் கழற்ற முடியாதுடா!"

தாசியோவின் அலகில் வெறும் நார் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆமை அவன் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அவர் ஒரே ஒருமுறை வேகமாய்ப் பேசினார். "முகமூடியை இழுத்தாய். தோற்றாய். கழற்று."

தாசியோ நகத்தால் முகமூடியைப் பற்றி இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். பிசின் விடவில்லை. "கழற்று! கழற்று!" என்று கூட்டம் கால் தட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, பலம் கொண்டமட்டும் இழுத்தான். முகமூடி வந்தது, பச்சையும் பொன்னும் செம்புமான இறகு அத்தனையும் அதோடு வேரோடு வந்தது. முடிச்சுக் கயிறு ஒன்று மட்டும் அலகின் மேல் ஒட்டிக்கொண்டு தொங்கியது. கிழிந்த சிவப்புத் துணுக்குகள் கழுத்தில் கட்டி கட்டியாய் நின்றுவிட்டன.

அந்தப் பெண் உடும்பு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நம்ம தாசியோ!"

கிளி கம்பத்திலிருந்து இறங்கி வந்து, வழக்கப்படி கேட்டது. "பெயர்?"

"தாசியோ."

"ஊர்?"

"இதே ஏரிக்கரை."

"எத்தனை வருஷம்?"

"மூணு."

"யார் பிள்ளை?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் பிறந்ததிலிருந்து காத்திருந்தான். சொல்லலாம். சாம்பல்மலையான் பிள்ளை, நான்தான், அவன் இல்லை, நான். ஒரே ஒரு வார்த்தை. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் வரிசையில் எவரிஸ்தோ சோளத்தை உதிர்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவன் வாயைத் திறந்தால், எத்தனையோ பேர் மோதியும் கழற்ற முடியாத முகமூடி இந்த நிமிஷம் அவர் முகத்திலிருந்து கழன்றுவிடும்.

தாசியோவின் மொட்டை முகம் முதலில் ரத்தச் சிவப்பாயிற்று. பிறகு நீலம் பாய்ந்தது. பிறகு வெளுத்தது. மறைக்க ஓர் இறகுகூட இல்லை. உள்ளே நடந்ததை ஊர் முழுக்க அவன் முகத்தில் பார்த்தது, அர்த்தம் மட்டும் புரியவில்லை. வார்த்தை தொண்டைவரை வந்தது. கொளகொளவென்று உருண்டது. அவன் அதை விழுங்கினான்.

"எவரிஸ்தோ பிள்ளை," என்றான். "சோளம் விதைக்கிறவர்."

கூட்டம் கலைந்தது. நாபோர் அந்த முகத்தோடு ஊருக்குள் வரவில்லை. வந்து எவரிஸ்தோ வீட்டில் நுழைந்தால் ரகசியம் உடைந்துவிடும். காட்டுக்குப் போய்விட்டான். இருட்டிய பிறகு மட்டும் வருவான், கொல்லையில் வைத்த மீனை அலசித் தின்றுவிட்டு, யாரையும் எழுப்பாமல் போய்விடுவான். அவன் பிள்ளைகளும் அந்த முகமூடியோடேதான் பிறந்தன.

அன்று கூட்டம் கலைந்த கோதாவில் தாசியோ மட்டும் நின்றான். எவரிஸ்தோ தட்டுத்தடுமாறி ஏறி வந்து, இறக்கையை விரித்து அவன் தலைமேல் போட்டார்.

"ஏம்ப்பா எனக்குக் கொடுக்கலை?" என்று அவன் கடைசியில் கேட்டுவிட்டான்.

"அந்த முகமூடிக்குள்ள எத்தனை வருஷம் இருட்டில கிடந்தேன் தெரியுமாடா? வீட்டுக்கு வந்து கழற்றினதும் எனக்கு முதல்ல வேண்டியது உன் முகம்தான். அதையும் கொண்டுபோய் இருட்டில அடைக்கச் சொல்றியா?"

பொழுது சாயும் நேரம். எவரிஸ்தோ பழக்கதோஷத்தில் அலகைக் கொண்டுபோய் அவன் தலையில் கோதினார். கோத ஒன்றும் இல்லை. அலகு வெறும் தோலில் பட்டு நின்றது.

அன்று முதல்தான் தாசியோவின் வழியில் வந்த எந்த வான்கோழிக்கும் தலையில் இறகு முளைப்பதில்லை. அறுந்த கயிறு அலகின் மேல் தொங்குகிறது. பொறாமையோ கோபமோ, உள்ளே என்ன எழுந்தாலும் முகம் சிவந்தும் நீலம் பாய்ந்தும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எங்காவது யாராவது உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும், அன்றைக்கு விழுங்கிய பெயர் தொண்டையில் கொளகொளவென்று உருண்டு வெளியே வரப் பார்க்கிறது. இதுவரை ஒரு வான்கோழியும் அதைச் சொல்லி முடித்ததில்லை.