செத்துப்போன தையல்காரர்

கோவில்பட்டிக்கு மேற்கே மூடிக்கிடந்த தீப்பெட்டி ஆலையில் ஒரு நாடகக் குழு இருந்தது. நடத்தியவர் செங்கமலம். வயது நாற்பதுதான், ஆனாலும் எல்லோருக்கும் அவர் வாத்தியார்.

அங்கே மாணவராக வந்து சேர்ந்த தேவசகாயத்துக்கு அறுபத்தைந்து. ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் நானூறு வருடத்துக்கு முன் அரங்கேறிய ஒரு நகைச்சுவை நாடகம் அன்றுமுதல் எங்கெங்கே, எப்படி நடிக்கப்பட்டது என்று முப்பது வருடமாகத் தேடித்தேடி எழுதிவந்தார். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அதை எழுதும்முன் ஒரு தடவையாவது அந்த நாடகத்தின் மேடையில் தானே நின்றுவிட வேண்டும் என்று ஆசை. குழு அதைத்தான் தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

கதை சின்னது. ஒரு தையல்காரர். அவர் செத்துப்போனதாக ஊரே பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறது. எதிரே வந்து நின்றாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். கத்தினாலும் யார் காதிலும் விழாது. முடிவில் தன்னுடைய சவப்பெட்டிக்குப் பின்னால் தானே அழுதுகொண்டு போவார்.

முதல் இருநூறு வருடம் ஜனங்கள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பழைய நாட்குறிப்பு ஒன்றில், சிரித்த சிரிப்பில் ஒருவர் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்ததாக இருந்தது. பிறகு ஒரு நடிகர் வந்தார். கத்துவதை விட்டுவிட்டு, மனைவியின் கையைத் தொட்டுவிட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டார். சபை அடங்கிப்போனது. அதற்குப் பிறகு யாரும் அந்தக் காட்சியைச் சிரிப்புக்காக நடிக்கவில்லை.

தேவசகாயம் ஒருநாள் வாத்தியாரிடம் கேட்டார். "அந்த முதல் இருநூறு வருஷத்து ஆளுங்க எப்படிச் சிரிச்சாங்க? மனுஷங்கதானா அவங்க?"

"நாளைக்கு ஒத்திகையில பாப்போம், சார்" என்றார் வாத்தியார்.

ஒத்திகைக்கு முன் எல்லோரும் வட்டமாக நிற்பது அங்கே வழக்கம். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் ஓரடி முன்னே வர வேண்டும். மறுநாள் காலை தேவசகாயத்தின் பெயரை அவர் கூப்பிடவில்லை. மறந்திருப்பார் என்று இவரும் விட்டுவிட்டார். டீத் தட்டு இவரைத் தாண்டிப் போனது. இவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே ஒருத்தி உட்கார வந்தாள். ஒருவன் ஈரத்துண்டை இவர் தோளில் காயப்போட்டுவிட்டுப் போனான்.

புரிந்துவிட்டது. பத்து மணிவரை புன்னகையோடு இருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு இவருக்கு இலை போடவில்லை. பயிற்சிதான் என்று தெரிந்தும் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று பார்த்தார். மூன்று மணிக்கு, இத்தனை வயதுக்காரர், நடுக்கூடத்தில் நின்று தன் பெயரைத் தானே சொல்லிக் கத்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

வாத்தியார் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"அந்தத் தையல்காரன் பட்டது இப்போதான் புரியுது, வாத்தியாரே."

"நீங்க கேட்டது அவனைப் பத்தி இல்லையே, சார்" என்றார் அவர்.

தேவசகாயத்துக்கு அது மனதில் ஒட்டவில்லை. உற்சாகமாக இருந்தது. அன்று சாயங்காலமே கடைசி அத்தியாயத்தை உட்கார்ந்து எழுதிமுடித்தார். மனிதன் வளர்ந்துவிட்டான், இனி அந்தச் சிரிப்புக்குத் திரும்ப மாட்டான் என்பது அதன் சாரம்.

மறுநாள் காலை வட்டத்தில் மேளக்காரர் வன்னியராஜைக் காணவில்லை. பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வாத்தியார் அடுத்தவருக்குப் போனார். கூப்பிட்டு முடித்ததும் துணிமணி எடுக்க உள்ளறைக்குப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் வன்னியராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தார். சட்டையில் பாதிப் பொத்தான் போடவில்லை. இன்றைக்குச் செத்தவராக இருப்பது வன்னியராஜின் முறைபோல என்று தேவசகாயம் நினைத்துக்கொண்டார்.

"நம்ம வேன் சாவி எங்க? சீக்கிரம்" என்றார் வன்னியராஜ்.

தேவசகாயம் அவரை ஊடுருவிக் கதவைப் பார்த்தார். "யாருப்பா கதவைத் திறந்து போட்டது? காத்து அடிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நேற்று தேவசகாயத்தைப் படுத்தியவர்கள் இன்று விளையாட்டை அவருக்கே விட்டுக்கொடுத்து ஒதுங்கினார்கள். வன்னியராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பேராசிரியரின் சட்டையைப் பிடித்தார்.

"சார், புள்ளைக்கு வலிப்பு வந்துட்டு சார். கண்ணு மேல சொருகிட்டு."

தேவசகாயம் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இங்க கொசு ஜாஸ்தி" என்றார்.

கூடம் அதிர்ந்தது. எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவர் தேவசகாயம்தான். அவர் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. வன்னியராஜ் கைகூப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். என்னமா நடிக்கான் என்று யாரோ கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த வாத்தியார், வன்னியராஜின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அவரைக் கையைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடினார். வேன் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. தேவசகாயத்தின் முகத்தில் மட்டும் அது இன்னும் கொஞ்சநேரம் கிடந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று மத்தியானம் தகவல் வந்தது. தேவசகாயம் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. தன் சிரிப்புச் சத்தம் தன் காதிலேயே கேட்டது. அவருக்குத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது.

வாத்தியார் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நான் அதை நாடகம்னுதான் நினைச்சேன், வாத்தியாரே."

"அந்த இருநூறு வருஷத்து ஆளுங்களும் அப்படித்தான் நினைச்சாங்க, சார்."